இலண்டன் காணாத இலண்டன் பட்டதாரிகள்

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகள் சிலவற்றின் விறாந்தைச் சுவரிலே, பாட்டனாரின் நிழற்படத்துக்கு அருகில், கண்ணாடிச் சட்டமிட்ட பத்திரம் ஒன்று தொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். கறையான் அரித்த சட்டத்தினுள்ளே ஒரு பெயரும், ஒரு பல்கலைக்கழகத்தின் முத்திரையும் இருக்கும். படலையிலே பொறித்த பெயருக்குப் பின்னாலும் அதே செய்தி: ‘பி. ஏ. (இலண்டன்)’. அப்பட்டத்துக்கு உரியவர் தேம்ஸ் நதியைக் கண்ணாற் கண்டவரல்லர். அவருட் பலர் பாக்கு நீரிணையைத்தானும் கடந்தவரல்லர். பகலிலே பள்ளிக்கூடத்திற் படிப்பித்து, இரவிலே கைவிளக்கின் முன்னிருந்து படித்து, கொழும்பிலே பரீட்சை மண்டபமொன்றில் அமர்ந்து எழுதி, ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த தீர்ப்பினாற் பட்டதாரியானவர். ஊரிலிருந்தபடியே அந்நியப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவராயிருந்த இந்த விந்தைக்கு ஒரு வரலாறு உண்டு. அது கல்வியின் வரலாறு மாத்திரமன்று, வர்க்கத்தின் வரலாறுமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே பல்கலைக்கழகம் என்றால் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டே. அங்கிலிக்கத் திருச்சபையின் கோட்பாட்டை ஏற்போருக்கே அவற்றின் பட்டங்கள் உரியனவாயிருந்தன. கத்தோலிக்கர், யூதர், திருச்சபையைச் சாராத புரொட்டஸ்தாந்தர், மதமே வேண்டாம் என்றிருந்தோர் எல்லோரும் வெளியே நின்றனர். கைத்தொழிற் புரட்சியாற் செல்வமும் செல்வாக்கும் பெற்று வந்த நகரத்து நடுத்தர வர்க்கத்திற் கணிசமான பகுதியினர் இவ்வாறு வெளியே நின்றவர்களே. அவர்களின் முயற்சியால் 1826இல் இலண்டனில் மதச்சார்பற்ற கல்லூரியொன்று தோன்றியது. அதற்குப் போட்டியாகத் திருச்சபையார் 1829இல் அரசர் கல்லூரியை நிறுவினர். இவ்விரு கல்லூரிகளின் மாணவரையும் பரீட்சித்துப் பட்டமளிப்பதற்கென 1836இல் அமைக்கப்பட்டதே இலண்டன் பல்கலைக்கழகம். அது கற்பிக்கவில்லை, பரீட்சித்தது. வகுப்பறையில்லாத பல்கலைக்கழகம் என்று அதனைச் சொல்லலாம்.

1858ஆம் ஆண்டுப் பட்டயம் இதற்கடுத்த படியை எடுத்து வைத்தது. மருத்துவம் நீங்கலான பட்டங்களுக்குக் கல்லூரியிற் பயின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே நீக்கப்பட்டது. எங்கு படித்தான், யாரிடம் படித்தான், எந்தக் கோவிலுக்குப் போகிறான் என்ற கேள்விகள் ஒழிந்தன. கட்டணம் கட்டிப் பரீட்சைக்குத் தோற்றுகிறானா, சித்தியடைகிறானா என்பதே கேள்வி. 1865இல் மொரிசியஸ் தீவிலே அப்பரீட்சை நடந்தது. 1878இல் பெண்களுக்கும் பட்டங்கள் திறந்துவிடப்பட்டன. கேம்பிரிட்ஜ் தன் பெண் மாணவருக்கு முழுமையான பட்டத்தை வழங்கியது 1948இல்தான் என்பதை இங்கு நினைவு கூர்தல் தகும்.

இக்கதவு எம்மவருக்குத் திறப்பதற்கு முன்னரே இன்னொரு கதவு வடக்கே திறந்திருந்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் ஆங்கில ஆட்சியாளர் அமைத்த பல்கலைக்கழகங்கள் இலண்டனையே அச்சாகக் கொண்டவை. அவையும் பரீட்சித்தனவேயன்றிக் கற்பிக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். வட்டுக்கோட்டைச் செமினரியின் பழைய மாணாக்கர். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர், பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளைத் தேடி எடுத்துக் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை. கொழும்பிலே குயின்ஸ் கல்லூரி 1859இல் கல்கத்தாவோடு இணைந்தது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் பின்னர் அவ்வாறே இணைந்தது. ஆனால் 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நிலவெல்லை வகுத்துவிட, கல்கத்தாவுடனான தொடர்பு நிலைக்கவில்லை. இலண்டனே எஞ்சியது.

ஆட்சியாளர் எமக்கு வைத்த ஏற்பாட்டை ஒரு வாக்கியத்திற் சொல்லிவிடலாம்: கப்பலில் ஒரு மாணவன் போவான், கப்பலில் வினாத்தாள் வரும். 1870 முதல் இலங்கை அரசாங்கம் இங்கிலாந்திலே படிப்பதற்கான பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலை வழங்கிற்று. அவ்வாண்டு அதனைப் பெற்றவர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் கேம்பிரிட்ஜ் சென்று, 1875இல் சிவில் சேவை உத்தியோகத்தராகத் திரும்பினார். அவரைப் போன்று போனவர் ஆண்டுக்கு ஒருவர் இருவரே. ஏனையோருக்கு, 1880களிலிருந்து, இலண்டனிலே அச்சிட்டு முத்திரையிட்டு அனுப்பப்பட்ட வினாத்தாள். மற்றிக்குலேசன், இன்டர்மீடியற், இறுதிப் பரீட்சை எனப் படிகள் மூன்று. எழுதிய விடைத்தாள்கள் மீண்டும் கப்பலேறும். பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். அக்காலத்துக்குள் அடுத்த ஆண்டுப் பரீட்சைக்குப் பணம் கட்டுவதா விடுவதா என்ற கவலை வேறு.

நூலகமில்லை, ஆய்வுகூடமில்லை, ஐயம் கேட்க ஆசிரியரில்லை. இந்த வெறுமையிலே ஒரு வணிகம் தழைத்தது. வில்லியம் பிரிக்ஸ் என்பவர் 1887இல் நிறுவிய தபால்மூலக் கல்லூரி இலண்டன் பரீட்சார்த்திகளுக்கென்றே பாடங்களையும் துணைநூல்களையும் ஆக்கித் தள்ளியது. நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் அங்கு உயிரியல் கற்பித்தவர். தாமும் 1890இல் இலண்டனின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றவர். ஒக்ஸ்போர்டிலிருந்து வூல்சி ஹோல் 1894 முதல் அதே தொழிலைச் செய்தது. பழைய வினாத்தாள்களை ஆராய்ந்து, எந்த வினா எந்த ஆண்டு வந்தது, இனி எது வரும் என்று கணித்து, அதற்கேற்ப விடைகளைச் சுருக்கித் தருவதே இவற்றின் கலை. இன்று எம் நகரங்களில் மூலைக்கு மூலை காணப்படும் ரியூசன் கொட்டில்களுக்கு மூத்த உறவுமுறை எங்கே இருக்கிறது என்று தேடுவோர் இங்கே தேடலாம்.

இருப்பினும் இந்தப் பாதையால் ஏறியவர்களை எண்ணிப் பார்க்குமிடத்து மதிப்புத் தோன்றாமற் போவதில்லை. காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனன், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றிய நாட்களில், 1920இல் இலண்டன் விஞ்ஞானமாணிப் பரீட்சையிற் சித்தியெய்தினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டத்தையும் பெற்றிருந்தார். இரு திசைகளிலிருந்தும் இரு பரீட்சைகள்! அவரே பின்னர் விபுலாநந்த அடிகளானார். யாழ் நூலைக் கற்போர், பழந்தமிழிசைக் கருவியின் நரம்புகளைக் கணித விகிதங்களாலே அளந்து செல்லும் ஆசிரியரிடம் அவ்விரண்டு கல்வியும் ஒன்றாகக் கலந்திருப்பதைக் காண்பர். அந்தக் கலப்பை எந்தப் பாடத்திட்டமும் வகுத்துக் கொடுக்கவில்லை; அவர் தாமே செய்துகொண்டார்.

இன்னுமொன்று. விடைத்தாளிலே இருந்தது பெயரன்று, எண். அந்த எண்ணுக்குச் சாதியில்லை, நிறமில்லை, ஊரில்லை. சாதி தடித்த ஒரு சமுதாயத்திலே, தன்னைக் காணாத ஒருவரால் அளக்கப்படுவது சிலருக்கு ஒருவகை விடுதலையாயிருந்திருக்கும். ஆயின் அந்த எண்ணைப் பெறும் மேசை வரை யார் போய்ச் சேர்ந்தனர்? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஆங்கிலப் பாடசாலையிலே கட்டணம் அறவிடப்பட்டது. தாய்மொழிப் பாடசாலையிலே கட்டணமில்லை, ஆங்கிலமும் இல்லை. ஏழை மாணவன் தாய்மொழிப் பாடசாலையோடு நின்றான். ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்தவனுக்கோ அந்தப் பாடசாலையிலும் வாங்கில் இடமில்லை. நிலத்தில் அல்லது வகுப்பின் வெளியே இருந்தே படிக்க வேண்டியவனாயினான். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பணிக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்திலே பள்ளிக்கூடங்கள் சில தீயிடப்பட்டன. ஆக, இலண்டன் எவரையும் தடுக்கவில்லை. தடுக்கும் வேலையை நாமே செவ்வனே செய்து முடித்திருந்தோம். பட்டயத்தின் சமத்துவம் பரீட்சை மண்டபத்தின் வாசலில் தொடங்கிற்று. வாசலுக்கு வரும் வழியெல்லாம் பழைய உலகமே.

இனி, மண்டபத்தினுள்ளே கேட்கப்பட்டது என்ன? இலங்கை மாணவன் இலத்தீன் வினைச்சொல்லின் விகற்பங்களை மனனஞ் செய்தான். தியூடர் மன்னரின் சட்டங்களை வரிசைப்படுத்தினான். தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கந்தரோடையின் புராதனத்தைப் பற்றி அவனிடம் யாரும் வினவவில்லை. மகாவலியின் நீளம் அவனுக்குப் புள்ளி பெற்றுத் தராது. ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களில் மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களையும் ஆக்கிக்கொண்டிருந்தார். தமிழாற் கற்பிக்க இயலாதென்று அன்று எவரும் அவருக்கு நிரூபித்துக் காட்டவில்லை. வழக்கொழிந்தது இயலாமையாலன்று, உத்தியோகத்துக்கு உரிய சான்றிதழ் வேறிடத்திலிருந்து வேறு மொழியில் வந்தமையால்.

இதனைக் கண்டு குரலெழுப்பியவர்கள் அந்தப் பாதையின் பயனை நன்கு நுகர்ந்தவர்களே. 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்றியபோது அதன் தலைவரானவர் கேம்பிரிட்ஜ் பட்டதாரியான அருணாசலம். அவரோடு ஒத்த குரலில், சுதேச மொழிகளையும் கலைகளையும் புறக்கணித்த கல்வியைச் சாடியவர் ஆனந்த குமாரசுவாமி. அவர் இலண்டன் பல்கலைக்கழகத்திலேயே விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். தூரத்திலிருந்து பரீட்சிக்கும் ஒரு சபை இந்நாட்டின் தேவையை அறியாது என்பது இவ்வியக்கத்தின் வாதம். அவர்கள் உயர்குடியினர் என்பதும், கிராமத்துத் தாய்மொழிப் பாடசாலை மாணவன் அவர்கள் நினைவில் முன்வரிசையில் இருக்கவில்லை என்பதும் மெய்யே. எனினும் அவர்கள் வைத்த வாதம் அவர்களிலும் பெரிது.

அவ்வாதத்துக்குக் கிடைத்த விடை அரைகுறையானது. 1921 சனவரியிற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. றொபேட் மார்ஸ் அதிபரானார். தேர்ஸ்டன் வீதியிலிருந்த மாளிகையொன்று கல்லூரி இல்லமாயிற்று. விரிவுரையாளர் வந்தனர், ஆய்வுகூடங்கள் வந்தன, ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் பயின்றனர். ஆனால் பட்டம் இலண்டனுடையதே. கல்லூரிப் பேராசிரியர் தம் மாணவருக்குத் தாமே வினாத்தாள் அமைக்க முடியாது. தாம் கற்பித்ததைத் தாமே பரீட்சிக்க முடியாது. பல்கலைக்கழகத்துக்குச் சில ஆண்டுக்கால முன்னேற்பாடு என்று தொடங்கிய நிலை, கொழும்பா கண்டியா என்ற இடத் தகராறும் சேர்ந்துகொள்ள, இருபத்தொரு ஆண்டுகள் நீடித்தது. 1942 சூலை 1ஆம் நாளே இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஐவர் ஜெனிங்ஸ் முதல் உபவேந்தர். மறு ஆண்டில் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தமர்ந்தவர் விபுலாநந்தர். முன்பு வெளியே நின்று இலண்டனுக்குப் பரீட்சை எழுதிய அதே மயில்வாகனன்.

இலங்கையில் முடிந்த இந்த ஏற்பாடு வேறு குடியேற்ற நாடுகளில் அப்போதுதான் தொடங்கியது. 1945இல் அஸ்குவித் ஆணைக்குழு கூறிய விதப்புரைகளின்படி இபதான், கோல்ட்கோஸ்ட், மேற்கிந்தியத் தீவுகள், மகெரெரே ஆகிய இடங்களிலே பல்கலைக்கழகக் கல்லூரிகள் அமைந்தன. இவற்றுக்கு இலண்டனோடு ‘விசேட உறவு’. பாடத்திட்டத்தைப் பற்றி உள்ளூர் ஆசிரியர் இலண்டனோடு பேசித் தீர்க்கலாம். எமது கல்லூரி ஆண்டுக்கணக்கில் விரும்பிய சலுகை இது. அந்த இபதானில் 1948இல் மருத்துவம் கற்கச் சேர்ந்து, பின்னர் கலைப்பாடங்களுக்கு மாறியவர் சினுவா அச்சிபி. ஆங்கில இலக்கிய வகுப்பிலே நைஜீரியாவைக் களமாகக் கொண்ட ஜோய்ஸ் கேரியின் ‘மிஸ்டர் ஜோன்சன்’ நாவல் பாடமாயிருந்தது. அதிலே தம்மவர் கோமாளியாகவும் அறிவிலியாகவும் தீட்டப்பட்டிருந்ததைக் கண்டு மாணவர் சினந்தனர். 1953இல் அச்சிபி இலண்டன் பட்டம் பெற்று வெளியேறினார். 1958இல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது. தம்மைப் பற்றிய கதையைப் பிறர் சொல்லக் கேட்டிருந்த ஒருவர் எழுந்து தாமே சொல்லத் தொடங்கியமையே ‘சிதைவுகள்’ என்று தமிழிலும் அறியப்பட்ட அந்நாவல். மகெரெரேயில் 1963இற் பட்டம் பெற்ற கூகி வா தியாங்கோ, 1968இல் நைரோபியிலே, ஆங்கிலத் துறையை ஒழித்து அதனிடத்தில் ஆபிரிக்க இலக்கியத்தை மையமாகக் கொண்ட துறையை அமைக்கவேண்டும் என்று தோழர் இருவருடன் சேர்ந்து அறிக்கை எழுதினார். பாடத்திட்டம் எழுதியோர் தாம் எதிர்பாராத மாணாக்கரையும் உருவாக்கிவிடுகின்றனர்.

சிறையிலிருந்தும் இப்பரீட்சை எழுதப்பட்டது. நெல்சன் மண்டேலா தம் சிறைவாசத்திலே இலண்டன் சட்டப் பட்டத்துக்குப் படித்தார். அதை அவர் முடிக்கவில்லை. 1989இல் அவருக்குச் சட்டப் பட்டம் வழங்கியது தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகமே. ஆயினும் ரொபன் தீவுக்குள் நுழையத்தக்க ஒரு பல்கலைக்கழகம் உலகில் இருந்தது என்பது சிறிய செய்தியன்று.

மீண்டும் எம் நாட்டுக்கு வருவோம். இங்கு எம்மை உறுத்துகின்ற முரண்பாடு ஒன்றுண்டு. ஜெனிங்ஸ் அமைத்த இலங்கைப் பல்கலைக்கழகம் வதிவிடப் பல்கலைக்கழகம். 1952இல் அது பேராதனைக்குப் பெயர்ந்தது. ஹந்தான மலையடியில் மண்டபங்களும் புல்வெளிகளும் எழுந்தன. தொடங்கிய ஆண்டில் அதன் மாணவர் ஆயிரம் பேருக்கும் குறைவு. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 முதல் பல்கலைக்கழகம் வரை எட்டியிருந்தது. அது பெருஞ் சாதனை. ஆனால் தொழிலை விட்டுவிட்டு விடுதியில் வந்து தங்க முடியாத ஆசிரியனுக்கும் எழுதுவினைஞனுக்கும் அப்பல்கலைக்கழகத்தில் வழியில்லை. அவர்கள் என்ன செய்தனர்? முன்போலவே இலண்டனுக்கு விண்ணப்பித்தனர். சுதந்திரம் வந்த பின்னரும், ஐம்பதுகளிலும், கிராமத்து ஆசிரியர் இலண்டன் வெளிவாரிப் பட்டத்துக்கு விளக்கேற்றிப் படித்துக்கொண்டிருந்தமைக்குக் காரணம் அந்நிய மோகம் மாத்திரமன்று. ஏகாதிபத்தியத்தின் பல்கலைக்கழகம் கொடுத்ததைத் தேசியப் பல்கலைக்கழகம் கொடுக்கவில்லை. தரம் தாழ்ந்துவிடும் என்ற அச்சம் கூறப்பட்டது. தரம் என்ற சொல் எப்போதும் வெளியே நிற்பவனைப் பார்த்தே உச்சரிக்கப்படுவது ஏனோ!

அறுபதுகளின் தொடக்கத்திலேதான், சுயமொழியிற் கற்ற மாணவர் கலைப்பீடத்தின் வாசலை வந்து மோதிய வேளையில், இலங்கைப் பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பரீட்சைகளை நடத்தத் தொடங்கியது. தமிழிலே படித்து, தமிழிலே எழுதி, ஆசிரியத் தொழிலை விடாமற் கலைமாணிப் பட்டம் பெறலாம் என்ற நிலை அப்போதே வந்தது. 1980இல் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஆனால் பிரிக்ஸின் தபால்மூலக் கல்லூரியின் ஆவி இன்னும் ஓயவில்லை. வெளிவாரி மாணவருக்குப் பரீட்சை உண்டு. போதனை பெரும்பாலும் இல்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்களிற் குறிப்பெடுத்து, அதை ஒப்புவிக்கின்றனர். பின்னர், உள்வாரிப் பட்டமா வெளிவாரிப் பட்டமா என்று நேர்முகப் பரீட்சையிற் கேட்கும்போது தலைகுனிகின்றனர். அந்தப் பழைய சட்டத்துப் பத்திரத்தைச் சுவரிலே மாட்டியவர் தலைகுனியவில்லை. இலண்டனிலே 1900ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரை உள்வாரி, வெளிவாரி என்ற பிரிவே இருக்கவில்லை. கல்லூரியிற் கற்றவனும் கைவிளக்கிற் கற்றவனும் ஒரே பட்டத்துக்கு ஒரே பெயரால் உரியவராயிருந்தனர்.

இலண்டன் பல்கலைக்கழகத்தின் அவ்வேற்பாடு இன்றும் நின்றுவிடவில்லை. 180க்கு மேற்பட்ட நாடுகளிலே அதற்கு மாணவர் உளர். கொழும்பிலே தனியார் நிறுவனங்கள் அதன் சட்டப் பட்டத்துக்கும் பொருளியற் பட்டத்துக்கும் மாணவரை ஆயத்தஞ் செய்கின்றன. உயர்தரப் பரீட்சையிலே தகுதி பெற்றும் அரச பல்கலைக்கழகத்தில் இடங்கிடையாதோர் ஆண்டுதோறும் பெருந்தொகையினர். அவர்களுட் பணமுள்ளோர் அங்கே செல்கின்றனர். பாடங்கள் கணினி வழியே வருகின்றன. கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. விடைத்தாளில் இப்போதும் எண்தான். கட்டணம் இப்போதும் பவுணில்தான். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, வினாத்தாளிலே ஓரெழுத்தும் மாறாதிருக்க, அதை எழுதுவதற்கான விலை சில வாரங்களுக்குள் இலங்கைக் குடும்பங்களுக்கு ஒன்றரை மடங்குக்கு மேலாயிற்று. அரசாங்கப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் சம்பளம் அவ்வாரங்களில் ஒரு சதமும் கூடவில்லை.